பெட்டியடியிலிருந்து பேரேடு வரை: நகரத்தார் தொழிலைக் கைமாற்றிய வரலாறு



மளிகைக்கடை, மாவு மில், நகைக்கடை, அச்சகம், உணவகம் என நம் ஊர்களில் தமிழர் நடத்தும் தொழில்கள் பல. அவற்றை நடத்தும் பெற்றோர் பலரின் மனத்தில் ஒரு கேள்வி நெடுநாளாக இருந்துவருகிறது. ‘எனக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்?’ என்பதே அது. பிள்ளை நன்றாகப் படித்தால் மருத்துவராகவோ பொறியாளராகவோ போய்விடுகிறான். படிக்காவிட்டால் ‘கடையையாவது பார்க்கட்டும்’ என்கிறோம். தொழில் என்பது படிப்பு வராதவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாகிவிட்டது.

நம் இனத்தில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொழிலைக் கைமாற்றுவதையே ஒரு கல்விமுறையாக வளர்த்த சமூகம் ஒன்று நம்மிடையே இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகமே அது. இவர்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பர்மாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்தியவர்கள். தலைமுறை மாற்றத்தை இவர்கள் எவ்வாறு கையாண்டனர், எங்கே வென்றனர், எங்கே தோற்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கடல் கடந்த கிட்டங்கிகள்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாடே நகரத்தாரின் தாயகம். ஆங்கிலேயர் ஆட்சி கிழக்கே விரிந்தபோது இவர்களின் வணிகமும் உடன் விரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவர்கள் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வரத் தொடங்கினர். பினாங்கில் 1857இலும், சிங்கப்பூர் டேங்க் சாலையில் 1859இலும் தண்டாயுதபாணி கோயில்களை எழுப்பினர். 1852இல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பின் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்கள் பெருகின. அவற்றுக்கு மூலதனம் தந்தவர்களில் நகரத்தாரே முதன்மையானவர்கள்.

இவர்கள் தொழில் நடத்திய இடம் ‘கிட்டங்கி’ எனப்பட்டது. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டிலும், பினாங்கில் பினாங்கு ஸ்திரீட்டிலும், கோலாலம்பூரில் லெபோ அம்பாங்கிலும் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கூடத்தைக் கொண்ட ஒரு கடைவீடு. அக்கூடத்தில் பல கடைகளின் முகவர்கள் வரிசையாகத் தரையில் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மரப்பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிதான் அவருடைய அலுவலகம். பகலில் வணிகம் நடந்த அதே கூடத்தில் இரவில் பாய் விரித்து உறங்குவர். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் பின்னாளில் நகரச் சீரமைப்பின்போது மறைந்துபோயின.

எண்சுவடியில் தொடங்கிய கல்வி

ஆசிரியர்களாகிய நாம் முதலில் கவனிக்க வேண்டியது இவர்களின் கணக்குக் கல்வியை. செட்டிநாட்டுச் சிறுவன் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். அதில் முழு எண்கள் மட்டுமல்ல, பின்னங்களும் இருந்தன. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று; வீசம் என்றால் பதினாறில் ஒன்று; மா என்றால் இருபதில் ஒன்று; காணி என்றால் எண்பதில் ஒன்று; முந்திரி என்றால் 320இல் ஒன்று. அந்த முந்திரியையும் 320ஆகப் பகுத்தால் கிடைப்பது கீழ்முந்திரி. அது 1,02,400இல் ஒரு பங்கு.

இன்று ஆண்டு 5 மாணவனுக்குப் பின்னம் என்றாலே நடுக்கம். பத்து வயதுச் சிறுவன் அக்காலத்தில் இதையெல்லாம் தாளும் எழுதுகோலும் இன்றி மனத்தில் போட்டான். அவன் நம் பிள்ளையைவிட அறிவாளி என்பது இதன் பொருளன்று. அக்கணக்கு எதற்குப் பயன்படும் என்பதை அவன் வீட்டில் நாள்தோறும் கண்டான் என்பதே காரணம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்றிருந்த காலத்தில், நூறு ரூபாய்க்கு மாதம் இவ்வளவு வட்டி என்றால் பதினேழு நாளுக்கு எவ்வளவு எனக் கேட்பது அவன் வீட்டில் ஒரு விளையாட்டு. பள்ளியில் கற்றது வீட்டில் பயன்பட்டது. வீட்டில் கண்டது பள்ளியில் விளங்கியது.

பெட்டியடிப் பையன்

எண்சுவடி முடிந்ததும் பயிற்சி தொடங்கியது. பதின்ம வயதின் தொடக்கத்திலேயே சிறுவன் ஒரு கடையில் ‘பெட்டியடிப் பையன்’ ஆகச் சேர்க்கப்பட்டான். முகவரின் பெட்டிக்கு அடியில் அமர்ந்து எடுபிடி வேலை செய்பவன் என்பது இச்சொல்லின் பொருள். கூடத்தைத் துப்புரவு செய்வது, கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, கணக்கைப் படியெடுப்பது ஆகியவை அவன் வேலைகள். அடுத்த படி ‘அடுத்தாள்’. அதாவது முகவருக்கு உதவியாளன். அதற்கும் மேற்படி ‘மேலாள்’; முதலாளியின் சார்பில் கடை முழுவதையும் நடத்தும் முகவர்.

பல குடும்பங்களில் முதலாளியின் மகனும் இந்தப் படிகளில் ஏறியே ஆக வேண்டும். அதுவும் தன் தந்தையின் கடையில் அன்று, வேறொருவர் கடையில். தந்தையின் கடையில் மகன் ‘சின்ன முதலாளி’ ஆகிவிடுவான். அவன் தவற்றைச் சுட்டிக்காட்ட அங்கே வேலையாளுக்குத் துணிவு வராது. கண்டிக்கத் தந்தைக்கு மனம் வராது. பிறர் கடையிலோ அவன் வெறும் பையன். கணக்கு ஒரு காசு பிசகினாலும் மறுபடி போட வேண்டும். முதலாளி ஆவதற்கு முன் வேலையாளாக இருந்து பார்த்தவனுக்கே வேலையாளின் அருமையும் தெரியும், அவன் தந்திரமும் தெரியும்.

மூன்றாண்டுக் கணக்கு

நகரத்தார் தொழில்முறையின் முதுகெலும்பு என்று மூன்றாண்டுக் கணக்கைச் சொல்லலாம். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். மேலாள் அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்றுக் கப்பலேறி வருவார். தவணை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகவே வருவது அக்கால வழக்கம். தவணை முடிவில் புதிய மேலாள் வந்திறங்குவார். இருவரும் பேரேட்டைப் புரட்டி, ஒவ்வொரு கடனையும் சரிபார்த்து, ஐந்தொகை எடுத்து முடித்த பிறகே பழையவர் ஊர் திரும்புவார். அவருக்குச் சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. அவ்வாறு சேர்த்த பணத்தைக் கொண்டு சில தவணைகளுக்குப் பின் சொந்தக் கடை தொடங்கியவர்கள் பலர்.

இம்முறையின் சிறப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொதுவாக ஒரு குடும்பத்தொழில் முப்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் கைமாறும். அதுவும் பெரியவர் நோயுற்ற பிறகோ மறைந்த பிறகோ, அவசரத்தில் நடக்கும். நகரத்தார் கடையோ மூன்றாண்டுக்கு ஒருமுறை கைமாறியது. எனவே கணக்கு ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்க முடியாது. அடுத்தவர் படித்தால் விளங்கும்படி ஏட்டில் இருந்தாக வேண்டும். ஒப்படைப்பது இங்கே இறுதிச் சடங்கு போன்றதன்று. தொழிலின் அன்றாட ஒழுங்கு. உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. திறமை மேலாளிடமிருந்து அடுத்தாளுக்குச் சென்றது. இரண்டும் தனித்தனியே கைமாறியதால், மகன் சிறுவனாக இருந்தாலும் கடை நிற்கவில்லை.

வேறு வைத்தல்

தொழில் கூடத்தில் நடந்த பயிற்சிக்கு இணையாக வீட்டிலும் ஒரு பயிற்சி நடந்தது. நகரத்தார் வழக்கில் அதற்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். மகனுக்குத் திருமணமானதும் அவனையும் மருமகளையும் தனிக்குடித்தனம் வைப்பர். ஆனால் வீட்டைவிட்டு அனுப்பமாட்டார்கள். அதே பெரிய வீட்டில் அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு. ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று அரிசியும் பணமும் அளந்து கொடுக்கப்படும். அதற்குள் அவர்கள் வாழ்ந்து காட்ட வேண்டும். மிச்சம் பிடித்தால் அது அவர்களுடையது. இப்படித் தனியாக அமைந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு ‘புள்ளி’ எனக் கணக்கிடப்பட்டது. கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றே வாங்கப்பட்டது.

இலட்சக்கணக்கில் புழங்கும் செல்வர் வீட்டு மகனும் மருமகளும் அளந்து கொடுத்த அரிசியில் குடும்பம் நடத்தினர். பெரும் பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் சிறு பணத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கணவன் மூன்றாண்டு பினாங்கில் இருக்க, வரவு செலவு பார்த்து, சீர்ப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கியவர்கள் வீட்டிலிருந்த ஆச்சிமார்களே.

தாத்தா பெயரும் விலாசமும்

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரைச் சூட்டுவது இவர்கள் மரபு. கடையின் பெயரும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது. அதை ‘விலாசம்’ என்பர். பெயரைக் காப்பது கடனைக் காப்பதற்குச் சமம். பாட்டன் பட்ட கடனைப் பேரன் தீர்த்தால்தான் விலாசத்துக்கு மதிப்பு.

எம்.சி.டி.எம். குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார் 1929இல் மறைந்தபின் மகன் சிதம்பரம் செட்டியார் இளம் வயதிலேயே பொறுப்பேற்றார். 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கினார். விரைவில் மலாயாவிலும் அதன் கிளைகள் எழுந்தன. 1954 மார்ச் 13இல் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். ஆயினும் வங்கி நிற்கவில்லை. பாட்டன் பெயரைத் தாங்கிய மகன் முத்தையா பின்னர் தலைமை ஏற்றார். 1969இல் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது அதுவும் அரசுடைமையானது. குடும்பத்தின் கையைவிட்டுப் போனாலும், தனியொருவரைச் சார்ந்து நில்லாத அமைப்பாக அது வளர்ந்திருந்ததால் இன்றும் இயங்குகிறது.

மண்ணில் போன முதல்

இத்தனை ஒழுங்கும் எல்லாவற்றையும் காப்பாற்றியதா? இல்லை. வரலாற்றை உள்ளபடி சொல்ல வேண்டும்.

1930இல் வெளிவந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கைப்படி அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் முதல் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அவ்வேளையில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை வீழ்ந்தது. உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை; அடகு வைத்த நிலங்கள் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை, 1938இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. காகிதத்தில் அது செல்வம். பர்மிய உழவனுக்கோ அது பறிபோன பாட்டன் நிலம். தம் பிள்ளைகளுக்காக ஒருவர் சேர்த்தது, மற்றவர் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமற் போனது. அந்தக் கசப்பு நெடுங்காலம் நின்றது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது நகரத்தார் உயிர் பிழைத்தால் போதுமென்று வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. தலைமுறைகளின் உழைப்பு அத்தோடு முடிந்தது.

அதே பர்மாவில் 1900இல் தொழில் தொடங்கிய ஏ.எம். முருகப்ப செட்டியார் குடும்பத்தின் கதை வேறு. ஜப்பானியர் வருவதற்கு முன்பே அவர்கள் முதலை இந்தியாவுக்கு மாற்றிவிட்டனர். வட்டித்தொழிலை விட்டு ஆலைத் தொழிலுக்குத் திரும்பினர். 1949இல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கினர். பாட்டன் செய்த தொழிலை அப்படியே செய்வதன்று மரபு. பாட்டன் கற்ற கணக்கைப் புதிய தொழிலில் போடுவதே மரபு என்று அவர்கள் காட்டினர்.

மலாயாவில் நின்றுபோன சக்கரம்

நம் நாட்டிலும் மந்தக் காலத்தில் இரப்பர் விலை வீழ்ந்தது. மலாய்ச் சிறுதோட்டக்காரர்களின் நிலம் கடனுக்காகக் கைமாறும் நிலை ஏற்பட்டது. அதைத் தடுக்க 1931இல் சிறுதோட்ட விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் பழைய கடன்கள் ‘வாழைமர நோட்டு’களால் அடைக்கப்பட்டன. 1945இல் அந்த நோட்டுகள் வெறும் காகிதமாயின. 1951இல் கடன் கொடுப்போருக்கு உரிமம் வேண்டுமெனச் சட்டம் வந்தது.

ஆனால் தொழில்முறையின் ஆணிவேரைத் தொட்டது குடிநுழைவுச் சட்டமே. 1953இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தால் புதிய பெட்டியடிப் பையனையும் அடுத்தாளையும் ஊரிலிருந்து தருவிப்பது அரிதாயிற்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் சக்கரம் நின்றது. பணம் இருந்தது, கடை இருந்தது. பயிற்சி பெற்ற அடுத்த ஆள் இல்லை. சிலர் சொத்தை விற்று ஊர் திரும்பினர். சிலர் குடும்பத்தை இங்கேயே வரவழைத்துக் குடியுரிமை பெற்றனர். அவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்து வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் ஆயினர். பெட்டிகள் மூடப்பட்டன. கோயில்கள் மட்டும் இன்றும் தைப்பூசத்தின்போது வெள்ளித் தேரோடு தலைமுறை தாண்டி நிற்கின்றன.

மகளுக்குப் பங்கு எங்கே?

இம்மரபில் ஒரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. தொழிலின் வாரிசு என்றால் மகன்தான். மகளுக்குச் சீர் நிறைய உண்டு, கடையில் இடமில்லை. மகன் இல்லையேல் உறவில் ஒரு பையனைப் ‘பிள்ளை கூட்டிக்’ கொண்டார்களேயன்றி, மகளைப் பெட்டிமுன் அமர்த்தவில்லை. சட்டம் மெல்ல மாறியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலும், இந்தியா முழுமையும் 2005இலும் வழங்கின. எனினும் முருகப்பா குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்தில் இயக்குநர் இடம் கோரிய வள்ளி அருணாசலத்தின் வேண்டுகோள் 2020இல் பங்குதாரர் வாக்கெடுப்பில் தோற்றது. அவர் அணுவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2023இல் அக்குடும்பத்தில் உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வீட்டில் ஆண்டுக்கணக்கை நடத்தி ஆச்சிமார் காட்டிய திறமையைக் கடையில் பயன்படுத்தியிருந்தால், எத்தனையோ விலாசங்கள் அழியாமல் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நமக்குரிய பாடம்

‘எங்கள் பாட்டன் செட்டியார் அல்லவே, தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்தானே’ என்று நம் பெற்றோர் பலர் கேட்கலாம். உண்மைதான். தோட்டத் தொழிலாளி குடியிருந்த வீடுகூடத் தோட்ட நிருவாகத்தின் உடைமை. தொழிலைக் கைமாற்றுவது இருக்கட்டும், கூரையைக்கூட அவரால் கைமாற்ற இயலவில்லை. அந்நிலையை மாற்றவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆயினர். தாங்கள் உழைத்த மண்ணில் தங்களுக்கும் ஒரு பங்கு என்ற நிலை பிறந்தது. அந்த உழைப்பாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று நம்மிடையே கடை வைத்திருப்பவர்கள். நம்மவருள் பலர் முதல் தலைமுறை முதலாளிகள். எனவே இரண்டாம் தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்வன நான்கு.

முதலாவது, கணக்கு ஏட்டில் இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பது அப்பாவின் தலைக்குள் மட்டும் இருந்தால், அப்பாவோடு அதுவும் போய்விடும்.

இரண்டாவது, பிள்ளையைச் சிறிது காலம் பிறரிடம் வேலை செய்ய விடுங்கள். அங்கே அவன் கற்பதை நம் கடையில் கற்க முடியாது.

மூன்றாவது, சிறிய பொறுப்பை முன்கூட்டியே கொடுங்கள். பள்ளி விடுமுறையில் ஒரு வாரக் கொள்முதலை மகளிடம் ஒப்படைத்துப் பாருங்கள். பத்து ரிங்கிட் பிசகினால் பிசகட்டும். பிற்காலத்தில் பத்தாயிரம் பிசகாமல் இருக்கும்.

நான்காவது, படிப்பையும் தொழிலையும் எதிரிகளாக்க வேண்டா. பின்னம் படிக்கும் பிள்ளையிடம் கடைக் கணக்கைக் கொடுங்கள். கடைக்கு வரும் பிள்ளையிடம் அதற்கான மேற்படிப்பைப் பற்றிப் பேசுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் ‘எதிர்கால ஆசை’ என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது, ‘என் அம்மாவின் கடையை இன்னும் பெரிதாக நடத்துவேன்’ என எழுதும் மாணவனைப் பாராட்டத் தவறக்கூடாது.

பிள்ளை வேறு வழியில் சென்றாலும் வருந்த வேண்டியதில்லை. நகரத்தாரின் பர்மா நிலங்கள் போயின, மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் போயின. ஆனால் பெட்டியடியில் கற்ற பழக்கங்கள் போகவில்லை. அவையே வங்கியாகவும் ஆலையாகவும் கல்வியாகவும் மறுபிறவி எடுத்தன. கடையை ஏற்க ஆளில்லாவிட்டால் நல்ல வேலையாள் ஒருவரிடம் அதை முறையாக ஒப்படைப்பதும் நம் மரபுக்கு உட்பட்டதே. பல மேலாள்கள் முதலாளியானது தம் முதலாளியிடம் பெற்ற பயிற்சியாலும் பங்காலும்தானே?

உங்கள் குடும்பத் தொழிலின் கதையைப் பிள்ளைகளிடம் எப்போதாவது முழுமையாகச் சொல்லியிருக்கிறீர்களா? எப்போது தொடங்கியது, யாரிடம் கடன் வாங்கினீர்கள், எந்த ஆண்டு நட்டப்பட்டீர்கள், எப்படி மீண்டீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியுமா? இன்றிரவு சாப்பிடும்போது தொடங்குங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் கதையைக் கொடுப்போம்.